ராஜாவைக் கவிழ்த்த மச்சானுக்கு

என் உயிருக்கு உயிரான மச்சான் இன்னாசிக்கு,

அங்கே மோட்சத்தில் சீட்டுக்கட்டு உண்டா? இருந்தால் நம் ஆட்டத்தை இந்நேரம் சம்மனசுகளுக்குச் சொல்லிக்கொடுத்திருப்பீர்கள். பட்டாளத்திலிருந்து ஏரியூருக்கு நான் கொண்டுவந்த ஆட்டம் அது. பெங்களூரில் ஒரு கர்னலையே தோற்கடித்தேன். அவர் எழுந்து நின்று எனக்கு சல்யூட் அடித்தார். ஊரே நம்பியது. நீங்கள் மட்டும் நம்பவில்லை.

கிணற்றில் தண்ணீர் ஊறும்வரை மேட்டில் உட்கார்ந்து புளியங்கொட்டை வைத்து ஆடுவோம். ஆளுக்கு ஏழு சீட்டு. சின்னச் சீட்டுக்காரனுக்கே ஜெயம். முதலில் இரண்டு மூடி, ஒன்று திறந்து. அந்த மூன்றைப் பார்த்ததுமே நீங்கள் முடிவு கட்டிவிடுவீர்கள். மூன்றும் எட்டுக்குள், ஜோடி சேராமல் இருந்தால்தான் ஆட்டம். ஒரு ராஜா தலைகாட்டினாலும் சீட்டைக் கவிழ்த்து, அந்த ஆட்டத்தை விட்டுவிட்டு பீடி பற்றவைப்பீர்கள். எங்களுக்கு ராஜாவைக் கீழே போட மனசு வராது. அதனாலேயே தோற்றோம்.

"என்னங்க மச்சான், ராஜா வந்தா கும்பிடணும். நீங்க கவுக்கறீங்க," என்பேன்.

"இன்னும் நாலு சீட்டு வரும்னு நீங்க குந்தியிருங்க. எனக்கு வூட்ல வேலை இருக்குது," என்பீர்கள்.

பிறகு மழை இல்லை. கிணற்றை ஆழப்படுத்த நாலு குழி போட்டு வெடி வைத்தீர்கள். மேலே நின்று எண்ணினோம். மூன்று சத்தம். நாலாவது வரவில்லை. நாளைக்குப் பார்க்கலாம் என்றேன். "திரி நமுத்துப்போயிருக்கும்," என்று கயிற்றைப் பிடித்தீர்கள்.

மூன்றில் ஒன்று கெட்டாலே கவிழ்க்கிற நீங்கள், நாலில் ஒன்று கெட்டது தெரிந்தும் ஏன் இறங்கினீர்கள்?

அந்த நாலாவது சத்தம் வத்தல்மலைவரை கேட்டதாக ஊரில் சொல்லிவைத்திருக்கிறேன். அவ்வளவு பெரிய சத்தம்கூட இல்லை, மச்சான்.

நீங்கள் விழுந்த இடத்தில் இப்போது பாறை கசிகிறது. உள்ளங்கையளவு ஈரம். அதைப் பார்த்துவிட்டு உங்கள் மகன் அருள் போன வாரம் இரண்டு குழி போட்டான். நீங்கள் மிச்சம் வைத்த திரியையே போட்டிருக்கிறான். ஒன்று வெடித்தது. மற்றது வெடிக்கவில்லை. அவனும் கயிற்றைப் பிடித்தான்.

"இன்னும் ஒரு ஆள் ஆழம் போனா தண்ணி, மாமா. விடுங்க."

என் தங்கை செசீலியும் மேட்டில் நின்றிருந்தாள். அண்ணன் என்ன செய்வான் என்று என் முகத்தையே பார்த்தாள். சீட்டாட்டத்தில் நான் எந்தக் கையையும் கவிழ்த்தவன் இல்லை, உங்களுக்குத் தெரியும். அரிவாளை எடுத்துக் கயிற்றை அறுத்துக் கிணற்றுக்குள் போட்டேன்.

"பட்டாளத்துக்காரருக்குப் பயம் வந்துருச்சுங்களா?" என்றான்.

"ஆமாண்டா. எனக்கு வூட்ல வேலை இருக்குது."

இந்த வருஷம் நிலம் தரிசு. அருள் என்னோடு பேசுவதில்லை. பேசாவிட்டால் போகிறான். நான் இருக்கும்வரை அவன் அந்தக் கிணற்றில் இறங்கமாட்டான். இது கர்னல் கதை இல்லை, மச்சான். இதை நீங்கள் நம்பலாம்.

கிணற்று மேட்டில் காவல் உட்கார்ந்தபடி,
செசீலியின் அண்ணன், அருளின் தாய்மாமன்