நான் கேட்டு வாங்கிய மழை

ரூசினா, என் மகளே, இந்தக் கடிதம் கைக்கு வரும்போது நீ நின்றுகொண்டிருந்தால் முதலில் எங்கேயாவது உட்கார். சாப்பிட்டாயா? தொழிற்சாலையில் இன்னும் அந்தக் குளிர் அறையில்தான் வேலையா, இல்லை நீ கேட்டபடி வேறு பக்கம் மாற்றிவிட்டார்களா? கழுத்து வலி குறைந்ததா? இங்கே நான் நலம், எருமை நலம், முட்டைக்கோசு அழுகாதவரை அதுவும் நலம். உன் அம்மாவைப் பற்றியும் உன் தம்பி ஜோவிலைப் பற்றியும் அப்படி எழுதக் கை வரவில்லை. இரண்டு பேரும் மலைமேல் இருக்கிறார்கள். நேற்று மாலையே திரும்பியிருக்க வேண்டும். இன்று வியாழக்கிழமை, காலை ஒன்பது மணி தாண்டிவிட்டது, செவ்வாய் மதியம் பிடித்த மழை இன்னும் விடவில்லை. பள்ளிக்கூடத்துப் போனும் நேற்றிலிருந்து ஊமையாகிவிட்டது, இல்லையென்றால் கூப்பிட்டிருப்பேன். கூப்பிட்டிருந்தாலும் வாயால் சொல்லியிருப்பேனா என்பது வேறு விஷயம், ஏனென்றால் இந்த மழைக்குக் காரணம் நான்தான்.

முதலிலிருந்து சொல்கிறேன், பொறுத்துக்கொள். நீ போன வருஷம் அம்மாவுக்குச் சிவப்புச் சப்பாத்து ஒரு ஜோடி அனுப்பினாய் அல்லவா, அதை அவள் மாதா படத்துக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறாள், ஒருநாளும் காலில் போடவில்லை, வெள்ளிக்கிழமைதோறும் துடைப்பாள். மலைக்குப் போவதற்கு அந்தப் பழைய கறுப்பு ரப்பர் சப்பாத்துதான். ஆனால் அது வந்த அன்றைக்கே அவள் தலைக்குள் ஏதோ புகுந்துவிட்டது. என் மகள் ஓடச் சொல்லி அனுப்பியிருக்கிறாள் என்றாள். உனக்கு அப்படி ஒரு எண்ணமே இருந்திருக்காது, தள்ளுபடியில் கிடைத்திருக்கும், அதை நான் சொன்னால் கேட்கிறாளா. இந்த வருஷ மலையோட்டத்தில் நாற்பத்தைந்து வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்குத் தனிப் பிரிவு என்று ஜோவில் வந்து சொன்னான். அடுத்த நிமிஷம் "பேரை எழுதுடா" என்றாள். ஊரில் எல்லாருக்கும் கொண்டாட்டம். காய்கறி லாரி ஓட்டுகிற கோருதிப்பை உனக்குத் தெரியும், அவன் வாய் சும்மா இருக்குமா, "அக்கா, முதுகுல கேஸ் சிலிண்டர் இல்லாம உங்களுக்கு ஓட வருமா, பாரம் இல்லாம பறந்துடுவீங்களே" என்றான். அவள் "உன்னைத் தூக்கிக்கிட்டு ஓடுறேன் வா, சிலிண்டரை விட நீ லேசு, உள்ள ஒண்ணும் இல்ல" என்றாள். அவன் மனைவி சிரித்த சிரிப்பில் தாப்பாய்க் கள்ளுக் கிண்ணம் கவிழ்ந்தது.

அவள் ஓடுவாள் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. இருபத்தாறு வருஷமாக, மலையேறுகிறவர்கள் தங்கும் மேல்குடிசைக்கு அரிசியும் முட்டையும் கேஸும் முதுகில் கட்டி, தலைவாரை நெற்றியில் மாட்டிச் சுமந்தவள். ஒருமுறை வெளிநாட்டுக்காரர்கள் இரண்டு பேர் வழியில் உட்கார்ந்து இனிமேல் முடியாது என்று அழுதுகொண்டிருந்தார்களாம். இவள் சிலிண்டரோடு போய் நின்று, வாழைப்பழம் ஒன்று கொடுத்து, தட்டிக்கொடுத்துவிட்டு மேலே போயிருக்கிறாள். திரும்பி இறங்கும்போது அவர்கள் அதே இடத்திலிருந்து பத்து அடி தள்ளி அழுதுகொண்டிருந்தார்களாம். நான் அவளை முதல்முதலாகப் பார்த்ததும் அந்த வழியில்தான், என்னை முந்திக்கொண்டு போனாள், அவள் முகத்தைப் பார்க்க எனக்கு இரண்டு மணி நேரம் ஆயிற்று, மேல்குடிசையில் அவள் உட்கார்ந்த பிறகுதான் பார்த்தேன். அதை விடு. விஷயம் வேறு.

மகளே, இதை உன்னிடம் சொல்லக்கூடாது என்று என்னிடமும் ஜோவிலிடமும் சத்தியம் வாங்கியிருந்தாள். போன வருஷம் அறுப்பு முடிந்த பிறகு மேல்குடிசை வாசலில் சுமையை இறக்கியவள் அப்படியே சரிந்துவிட்டாள். உதடு கத்தரிக்காய் நிறமாகிவிட்டதாம். ஜோவில்தான் முதுகில் போட்டு இறக்கினான், எட்டு வயசுப் பிள்ளையாக இருந்தபோது அவனை அவள் சுமந்த வழியிலேயே. ரானா ஆஸ்பத்திரியில் டாக்டர் மார்பில் குழாயை வைத்துப் பார்த்து, இதயம் ஒழுங்காகத் தட்டவில்லை, நடுவில் ஒரு தட்டு விட்டுவிட்டுத் தட்டுகிறது, உயரத்துக்குப் போக வேண்டாம் என்றார். வெளியே வந்ததும் உன் அம்மா சொன்னாள், "அந்தப் பையன் மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்குறான், அவன் எனக்கு மலையைச் சொல்லித் தர்றான்." மாத்திரையை உப்புப் பானைக்குள் ஒளித்து வைத்திருந்தாள். அதிலும் பாதி எறும்பு தின்றது, எறும்புக்கு ஒன்றும் ஆகவில்லை என்று அதையும் ஒரு சாட்சியாகச் சொன்னாள்.

நான் கெஞ்சிப் பார்த்தேன். சண்டை போட்டேன். மூன்று நாள் பேசாமல் இருந்து பார்த்தேன், அவளுக்கு அது தெரியவே இல்லை. கடைசியில் இந்தத் திங்கட்கிழமை, அவள் ஊறுகாய்க்குத் துஹாவ் தண்டு பறிக்கக் காட்டுக்குப் போயிருந்த நேரம், கூட்டிலிருந்த வெள்ளைக்கோழியையும் ஏழு முட்டையும் கொஞ்சம் வெற்றிலை புகையிலையும் எடுத்துக்கொண்டு தோட்டத்துக்கு மேலே இருக்கும் பெரிய கல்லுக்குப் போனேன். மலையிடம் கேட்பது பெண்கள் வேலை, முறை தெரிந்தவர்கள் வேலை, எனக்கே தெரியும். உன் அம்மாவின் அத்தை குனோவாவிடம் போயிருக்கலாம். போனால் அன்றைக்கே விஷயம் உன் அம்மா காதுக்குப் போய்விடும். அதனால் நானே கோழியை அறுத்தேன், நானே கேட்டேன். ஞாயிற்றுக்கிழமை ஓட்டம் நடக்க வேண்டாம், மழையைக் கொண்டு வா, அவ்வளவுதான் கேட்டேன். எப்போது வர வேண்டும், எப்போது நிற்க வேண்டும் என்று சொல்லவில்லை. அவசரம், அவள் வந்துவிடுவாளோ என்கிற பயம். கீழே வந்து கையைக் கழுவும்போதுதான் நினைவு வந்தது. திரும்பப் போய்ச் சொல்லிவிட்டு வரலாம் என்று எழுந்தேன், அதற்குள் அவள் கூடையோடு வாசலில் நின்றாள், கோழி எங்கே என்றாள், கீரிப்பிள்ளை என்றேன்.

மறுநாள் வானம் கழுவி விட்ட மாதிரி இருந்தது. நான் முட்டைக்கோசு ஏற்றிக்கொண்டு சந்தைக்குப் போய்விட்டேன். அவள் பயிற்சிக்குச் சனிக்கிழமைதான் போவதாக இருந்தது. அதற்குள் மழை வந்துவிடும், அவள் வீட்டில் இருப்பாள் என்றுதான் என் கணக்கு. ஆனால் ஜோவில் வழிகாட்டி மலைக்குக் கூட்டிப்போக வேண்டிய ஆட்கள் வரவில்லை, அவனுக்கு இரண்டு நாள் ஓய்வு கிடைத்துவிட்டது, வெயிலைப் பார்த்ததும் இவளுக்குக் கால் நிற்கவில்லை. பழைய வேட்டைக்காரர் வழியில் மலையின் கிழக்குத் தோள் வரை ஏறி, பாறைக்குடையில் ராத்தங்கி, மறுநாள் இறங்குவது என்று இலைச்சோறு கட்டிக்கொண்டு இரண்டு பேரும் கிளம்பியிருக்கிறார்கள். நான் சந்தையிலிருந்து வரும்போது மழை முகத்தில் அறைந்தது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது, மகளே. நனைந்துகொண்டு சிரித்தபடி வந்தேன். கோருதிப் மனைவி குடையோடு ஓடி வந்து "மாமா, அக்காவும் ஜோவிலும் காலைலயே மேல போயிட்டாங்களே, உங்ககிட்ட சொல்லலையா" என்றாள். அங்கேயே சேற்றில் உட்கார்ந்துவிட்டேன்.

நேற்று மதியம் ஆற்றுக்குப் போனோம். மூங்கில் பாலம் இல்லை. இரண்டு கரையிலும் கட்டை மட்டும் நிற்கிறது, நடுவில் தண்ணீர் மரங்களை இழுத்துக்கொண்டு போகிறது, கல் உருளுகிற சத்தம் காலுக்குள் கேட்கிறது. அந்தக் கரை காடு, அங்கே யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிட முடியாது, கூப்பிட்டால் வேறு ஏதாவது பதில் சொல்லும். அதனால் மூங்கிலைத் தட்டினோம், தட்டித் தட்டிக் காது கொடுத்துக் கேட்டோம். பதில் இல்லை. நான் கொஞ்சம் கீழே போய் இறங்கிப் பார்க்கலாம் என்று கால் வைத்தேன், வழுக்கி இரண்டு கல்லுக்கு நடுவே கணுக்கால் மாட்டிக்கொண்டது. கோருதிப் சட்டையைப் பிடித்து இழுத்துப் போட்டான். "மாமா, நாங்க உங்களைத் தூக்குறதா, அவங்களைத் தேடுறதா, ஒண்ணைச் சொல்லுங்க" என்றான். இப்போது கால் மரவள்ளிக்கிழங்கு மாதிரி வீங்கியிருக்கிறது, என்னை வீட்டில் உட்கார வைத்துவிட்டு நான்கு பேர் முறை போட்டுக் கரையில் நிற்கிறார்கள்.

இன்று காலை கம்பை ஊன்றிக்கொண்டு குனோவா அத்தை வீட்டுக்குப் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். கிழவி வெற்றிலையை மென்றுகொண்டே கேட்டாள். "எத்தனை நாளைக்குக் கேட்டே?" என்றாள். கேட்கவில்லை என்றேன். "எந்தப் பக்கம் பெய்யணும்னு சொன்னியா?" அதுவும் சொல்லவில்லை. "ஞாயித்துக்கிழமையானா கோயில்ல முட்டி போடுற ஆளு, உன்னை யாருடா கோழியைத் தூக்கச் சொன்னா. நாளு சொல்லாம கேட்டா அது எப்ப நிறுத்தும்? உன் தலைமேலதான் ஊத்தும்" என்றாள். என் தலைமேல் ஊற்றட்டும் அத்தை, அவர்கள் தலைமேல் ஊற்றுகிறதே என்றேன். அதற்கு அவள் மெல்வதை நிறுத்திவிட்டாள். பிறகு சொன்னாள், கேட்டதைத் திரும்ப எடுக்க ஒரே வழிதான், எவளுக்காகக் கேட்டேனோ அவள் முன்னால் நின்று, என் வாயாலேயே அவளிடம் சொல்லி, இரண்டு பேரும் சேர்ந்து திரும்பக் கொடுக்க வேண்டுமாம். "அவ வந்தாத்தானே அத்தை சொல்ல முடியும்" என்றேன். "அதைத்தான் நானும் சொல்றேன்" என்றாள். என்ன பதில் இது. வழியெல்லாம் யோசித்துக்கொண்டே வந்தேன். அவள் வந்தால்தான் மழை நிற்கும், மழை நின்றால்தான் அவள் வர முடியும்.

நீ பயப்படாதே என்று எழுத நினைத்தேன், நானே பயந்துகொண்டிருக்கும்போது அப்படி எழுதினால் உனக்குத் தெரிந்துவிடும். இதை மட்டும் நம்பு, அவளுக்கு அந்தக் காடு தெரியும். உனக்கு ஒன்பது வயதில் நாம் எல்லாரும் அந்தத் தோளைத் தாண்டி மாமா வீட்டுக்குப் போனோமே, அட்டைகளை எண்ணி எண்ணி நீயும் ஜோவிலும் பந்தயம் கட்டினீர்கள், நீ நாற்பத்தொன்று என்றாய், அவன் ஏமாற்றி ஐம்பது என்றான், அன்றைக்கும் மழைதான், அந்தப் பாறைக்குடையில்தான் ஈர விறகில் அவள் நெருப்பு மூட்டினாள். குளிர்தான் எனக்குக் கவலை. குளிரில் அந்த இதயம் ஒரு தட்டு விடுகிறதா, இரண்டு விடுகிறதா என்று யார் எண்ணுவது. ஜோவிலுக்கு அவளைச் சுமக்கத் தெரியும், ஆனால் பாலமில்லாத ஆற்றை எப்படித் தாண்டுவான். மாத்திரை எடுத்துப் போனாளா என்று உப்புப் பானையைக் கவிழ்த்துப் பார்த்தேன். மாத்திரை இல்லை. அவள் எடுத்துப் போனாளா, எறும்பு முடித்துவிட்டதா, தெரியவில்லை.

சாலையில் விழுந்த மண்ணைத் தள்ளிவிட்டார்களாம், மதியம் கோருதிப்பின் லாரி ரானாவுக்குப் போகும், அவனிடம் இதைக் கொடுத்துவிடுவேன். அவசரப்பட்டு டிக்கெட் எடுத்துக் கிளம்பாதே, தந்தி கொடுக்கிறேன், எதுவானாலும் கொடுக்கிறேன். அதுவரை ராத்திரி வேலைக்குப் பெயர் கொடுக்காதே, சூடாகச் சாப்பிடு, கழுத்துக்கு இஞ்சித் தைலம் தேய். அம்மாவுக்கு நீ கடிதம் எழுதினால் உதடு நிறத்தைப் பற்றி உனக்குத் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளாதே, முதலில் நான் என் பங்கைச் சொல்லி முடித்துவிடுகிறேன். நீ நிற்கிற இடத்தில் கால் உறுதியாக நிற்கட்டும், போகிற வழியெல்லாம் காய்ந்த வழியாக இருக்கட்டும், உன்னைப் பெற்றவர்களின் நல்ல எண்ணம் உன் முதுகுக்குப் பின்னால் எப்போதும் வரும்.

இப்படிக்கு உன்மேல் பாசமுள்ள அப்பா, சடிங்.

கையெழுத்துப் போட்ட பிறகும் எழுதுகிறேன், உறை ஒட்டவில்லை. ஆற்றிலிருந்து மூங்கில் தட்டும் சத்தம் வேறு மாதிரி கேட்டது, மூன்று, பிறகு மூன்று. கோருதிப் மேலே ஓடி வந்துவிட்டான், பெரிய கயிறு வேண்டும் என்கிறான், அது நம் வீட்டுப் பரணில்தான் இருக்கிறது. எத்தனை பேர் என்று கேட்டேன். ரெண்டு பேர் மாமா, அந்தக் கரையில நிக்கிறாங்க, ஜோவிலுக்குத் தோள்பட்டை பிசகி இருக்கு, அக்கா நல்லாத்தான் இருக்காங்க, உதடுதான் கொஞ்சம் சரியில்ல, ஆனா கயிறுக்கெல்லாம் காத்திருக்க மாட்டேன், கீழே அகலமா இருக்கிற இடத்துல நானே இறங்கி வர்றேன்னு கையைக் காட்டுறாங்க, நாங்க சொன்னா கேட்க மாட்டேங்குறாங்க என்கிறான். என்னாலும் அவளை எதிலும் நிறுத்த முடிந்ததில்லை, உனக்கே தெரியும். அவள் நிற்பது ஒரே ஒரு காரியத்துக்குத்தான், என்னைத் திட்டுவதற்கு. அதற்கு மட்டும் எவ்வளவு நேரமானாலும் நின்ற இடத்தை விட்டு அசைய மாட்டாள். நான் கரைக்குப் போனதும் எல்லார் முன்னாலும் கத்திச் சொல்லப்போகிறேன், இந்த மழையைக் கேட்டது நான்தான் என்று. குனோவா சொன்ன முறைக்கும் அது சரியாகிவிடும், என் வாயாலேயே, அவள் முன்னாலேயே. கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு கோருதிப் முதுகைக் காட்டிக் குனிந்து நிற்கிறான், மாமா எழுதினது போதும், ஏறுங்க, நேரமில்ல என்கிறான், ஏறுகிறேன், அவள் திட்டி முடிப்பதற்குள் கயிறு அந்தக் கரைக்கு