ஆரஞ்சுப் புள்ளி

ஜூன் 1, ஞாயிறு

வெயில் தாங்கலை. காற்று துளியும் இல்லை. காவிரியில் வெறும் மணல். மாடியில் வடகம் காயப்போட்டு மறந்து, காக்கா பாதி தின்றபின் ஓடிப்போய் எடுத்தேன்.

கூரியரில் டப்பா. கப்பல் கம்பெனியிலிருந்து. உள்ளே நாலு ரப்பர் பட்டை, கையில் கட்டிக்க. வாட்ச் மாதிரி, ஆனால் மணி காட்டாது. பெரியவங்களுக்கு நீலம், பாப்பாவுக்கு ஆரஞ்சு. கப்பலில் ரூம் கதவு திறக்க, சாப்பிட, ஐஸ்கிரீம் வாங்க, எதுக்கும் இதைத்தான் மெஷினில் காட்டணுமாம். குடும்பத்தில் யார் எங்கே இருக்காங்கன்னு போனில் புள்ளி புள்ளியாத் தெரியுமாம். எங்க மணப்பாறைச் சந்தையில் மாட்டுக் காதில் மஞ்சள் வில்லை தொங்குமே, அது ஞாபகம் வந்தது. சொல்லவில்லை.

பெயிண்ட் கடை வெச்சிருக்கற என் வீட்டுக்காரர் செந்தில், இந்த வருஷம் விற்பனை டார்கெட் முடிச்சதுக்கு பெயிண்ட் கம்பெனி தர்ற டூர். சென்னையில் ஏறி, கடலில் ஒரு சுற்று, திரும்ப சென்னை. நாலு பேர் போகலாம். நாலாவது ஆள் யாருன்னு கேட்கவே வேண்டாம். அவரோட அக்கா. அண்ணி போன வாரமே புது சூட்கேஸ் வாங்கியாச்சு.

நான் சரின்னு சொன்னதுக்கு ஒரே காரணம் 14-ம் தேதி. ஆத்துக்கு அந்தப் பக்கம் ஒரு காலேஜில் இன்டர்வியூ, கணக்கு டிபார்ட்மென்ட். நாலு வருஷம் கழிச்சு வந்த முதல் லெட்டர். அன்னிக்கு அரை நாள் பாப்பாவை யார் பாத்துக்கறது? அம்மாவால் வர முடியாது, அப்பாவை வாரம் மூணு நாள் டயாலிசிஸுக்குக் கூட்டிட்டுப் போகணும். செ.தான் பாத்துக்கணும். மூணரை வருஷத்தில் ஒரு நாள்கூட அவரை நம்பித் தனியா விட்டதில்லை.

"கப்பல்ல ஒரு நாள் முழுக்க நானே பாத்துக்கறேன். நீயே பாரு. அப்புறம் பயமில்லாம இன்டர்வியூ போ" என்றார் செ.

பார்க்கிறேன்.


ஜூன் 3, செவ்வாய்

எடுத்து வைக்க:
ஜுர மருந்து, தெர்மாமீட்டர்
வாந்தி மாத்திரை (எனக்கு)
பாப்பாவோட சின்னத் தலையணை
முறுக்கு. வெளிச் சாப்பாடு கூடாதாம். இருந்தாலும் ஒரு டப்பா
செ. சார்ஜர். அவரே வைக்கட்டும். வைக்க மாட்டார்

அண்ணி தில்லை நகரிலிருந்து ஆட்டோவில் வந்து இறங்கினாங்க, பட்டையைக் கட்டிக்கிட்டே. ரெண்டு வளையலுக்கு நடுவில் நீலமா. பக்கத்து வீட்டு மாமி கேட்கணும்னே கையை ஆட்டி ஆட்டிப் பேச்சு.

பாப்பாவுக்குக் கட்டிப் பார்த்தோம். அஞ்சு நிமிஷத்தில் அழுகை. ஏற்கெனவே வேர்க்குரு. கொஞ்சம் லூசாக் கட்டலாமேன்னேன்.

"லூசாக் கட்டினா கழண்டுடும். உனக்கு உங்கம்மா அழ அழ வளையல் போட்டு விடலையா?" இது அண்ணி.

வளையல் யார்கிட்டயும் நான் எங்கே இருக்கேன்னு சொல்லாது அண்ணி. இதையும் சொல்லவில்லை. இந்த நோட்டு இல்லாவிட்டால் எனக்கு வயிறு வெடிச்சிடும்.


ஜூன் 5, வியாழன். கப்பல்

தலை சுத்தல். சென்னைத் துறைமுகத்தில் மூணு மணி நேரம் வரிசை. எல்லாரும் கையை நீட்டிக்கிட்டு, டிங் டிங். பச்சை லைட் வந்தவங்க சிரிக்கறாங்க. எனக்கு மட்டும் ரெண்டு தடவை சிவப்பு. செ. முகத்தைப் பார்க்கணும், நான்தான் ஏதோ தப்பு பண்ணின மாதிரி.

ரூம் கதவு முன்னாடி நின்னா, சுவரில் இருக்கற திரையில் என் பேர் வருது. 'வாங்க ரம்யா.' என் வீட்டிலேயே யாரும் அப்படிச் சொன்னதில்லை.

அண்ணிக்கு அதுக்குள்ளே ஒரு கண்டம். குளிக்கக் கழட்டி வெச்சுட்டு, பக்கத்து ரூமில் யாரோ தமிழ் பேசறாங்கன்னு எட்டிப் பார்க்க வெளியே வந்திருக்காங்க. கதவு சாத்திக்கிச்சு. ஈரத் தலையில் துண்டோட, நைட்டியில், வராந்தாவில் கால் மணி நேரம். நான் போய்த் திறந்து விட்டேன். ரொம்ப நாளைக்கு அப்புறம் எனக்கு நல்லாத் தூக்கம் வரும்.

பக்கத்து ரூம்காரங்க தொட்டியம் ஊர்ப் பெயிண்ட் டீலரும் மனைவியும். அந்தக்கா அதுக்குள்ளே அண்ணிக்கு உயிர்த்தோழி.

பாப்பாவுக்கு ஒரு விஷயம் மட்டும் பிடிச்சிருக்கு. ஒன்பதாவது மாடியில் ஐஸ்கிரீம் மெஷின். கையைக் காட்டினா டிங், கப்பில் விழும். நாலு தடவை. தடுத்தேன். "லீவுல வந்தும் டீச்சர் வேலையா" என்றார் செ.


ஜூன் 6, வெள்ளி

வரிசையா எழுதணும், இல்லேன்னா நாளைக்கு இவங்க சொல்றதையே நானும் நம்பிடுவேன்.

காலையிலிருந்து வாந்தி. மாத்திரை கேட்கலை. மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் பாப்பாவை ஒன்பதாவது மாடியில் செ. கையில் பிடிச்சுக் கொடுத்தேன். கையில். டீலர்களோட சீட்டு ஆடிக்கிட்டு இருந்தார். "நான்தான் பாத்துக்கறேன்னு சொன்னேன்ல, போய்ப் படு" என்றார். ரூமுக்கு வந்து படுத்தேன். மணி மூணு பத்து.

நாலரைக்கு மேஜிக் ஷோ. கூட்டம் அதிகம், பட்டையைத் தட்டி உள்ளே போனாத்தான் சீட்டு. அண்ணி என்ன பண்ணினாங்க? பஸ் ஜன்னல் வழியா துண்டு போடறோமே, அது மாதிரி, கையில் கிடைச்ச பட்டையை எல்லாம் வாங்கிட்டு முன்னாடியே போயிட்டாங்க. தொட்டியம் அக்காவோடது, அவங்க வீட்டுக்காரரோடது, பாப்பா கையிலிருந்து கழட்டின ஆரஞ்சு. வாசலில் ஒவ்வொண்ணாத் தட்டி, ஒவ்வொரு சீட்டிலும் ஒரு பட்டை, ஒரு கைக்குட்டை. நடுவில் இவங்க, ராஜாத்தி மாதிரி.

கழட்டும்போது செ.கிட்டச் சொன்னாங்களாம். அவர் "ம்" என்றாராம். தன் காதில் விழவே இல்லைங்கறார் அவர்.

நாலு மணிக்கு எழுந்து மேலே போனேன். சீட்டு நடக்குது. பாப்பா இல்லை.

"பாப்பா எங்கங்க?"

திரும்பிக்கூடப் பார்க்கலை. போனை எடுத்து நீட்டினார். ஆரஞ்சுப் புள்ளி, பக்கத்தில் அண்ணியோட நீலப் புள்ளி. "அக்காகூட ஷோவுல இருக்கா. நீ ஏன் எழுந்து வந்தே?"

"நீங்க அனுப்பி வெச்சீங்களா?"

"அக்காதான் கூட்டிட்டுப் போயிருக்கும். பாரேன், இங்க இருக்கு."

அவர் கூட உட்கார்ந்திருந்த தொட்டியம் அண்ணன், "அம்மாமாருக்கு எப்பவும் டென்ஷன்" என்று சீட்டைக் கலைத்தார்.

ஓடினேன். எட்டு மாடி கீழே. ஷோ ஹால் இருட்டு. அண்ணி கையைத் தூக்கி, "இங்க, இங்க! பாப்பா எங்க, நீ கூட்டிட்டு வரலையா?" சீட்டுக் கைப்பிடியில் ஆரஞ்சுப் பட்டை.

வாசலில் நின்ற கப்பல் ஆளிடம் குழந்தையைக் காணோம்னு சொன்னேன். அவன் கையிலிருந்த திரையைப் பார்த்துச் சிரிச்சான். உங்க குழந்தை இந்த ஹாலுக்குள்ளதான் இருக்கு மேடம், ஆறாவது வரிசை. பட்டையைத் தூக்கிக் காட்டினேன். அது பட்டைதான், குழந்தை இல்லைன்னு ரெண்டு தடவை இங்கிலீஷில் சொல்ல வேண்டியிருந்தது. நான் எம்.எஸ்சி. படிச்சவ.

ஒன்பதாவது மாடியில் ஒரு பக்கம் தடுப்புக் கம்பி. அதுக்கு அந்தப் பக்கம் கடல். அந்தக் கம்பிக்கு நடுவில் எவ்வளவு இடைவெளின்னு நேத்தே கையை விட்டுப் பார்த்திருந்தேன். ஒரு குழந்தை நுழையாது. நுழையாதுன்னு சொல்லிக்கிட்டே ஓடினேன்.

ஐஸ்கிரீம் மெஷின் கிட்ட இருந்தா. பின்பக்கம், தட்டு அடுக்கற இடத்தில். வெறுங்கையை மெஷினில் வெச்சு, எடுத்து, திரும்ப வெச்சு. டிங் சத்தம் வரலை. முகமெல்லாம் கண்ணீர், ஆனா சத்தமில்லாத அழுகை. எவ்வளவு நேரமோ. அவ கையில் பட்டை இருந்த இடம் சிவந்து, வட்டமா.

"அம்மா, அது என்னைத் தெரியலைங்குது."


ஜூன் 7, சனி

சென்னையில் இறங்கினோம். அண்ணி துறைமுக வாசலில், "கிடைச்சுட்டாள்ல, அப்புறம் என்ன உம்முனு."

ரயிலில் பாப்பா கழிப்பறைக் கதவில் மணிக்கட்டை வெச்சுட்டுக் காத்திருந்தா. நான் திறந்ததும் பயந்தா.


ஜூன் 9, திங்கள்

ஸ்ரீரங்கம். கொஞ்சம் காற்று. துணி நாலு பக்கெட்.

கப்பல் கம்பெனி மெயில், 'உங்கள் இனிய நினைவுகள்'. யார் எங்கே எவ்வளவு நேரம்னு ஒவ்வொரு பட்டைக்கும் பட்டியல், படத்தோட. என்னுது: ரூம், 3.10 முதல் 4.02 வரை. பாப்பாவோடது: மேஜிக் ஷோ, ஒரு மணி ஐந்து நிமிடம். படத்தில் ஒரு முயல் சிரிக்குது.

அண்ணி போனில், ஸ்பீக்கரில்: "நான் ஒண்ணும் சொல்லலைடா. முக்கால் மணி நேரத்துக்கு மேல தூங்கியிருக்கா, மெஷினே சொல்லுது. பெத்தவ தூங்கினா குழந்தை எங்கயாவது போகத்தானே செய்யும்."

செ. நான் அங்கேயே நிற்கறது தெரிஞ்சும், "சரி விடுக்கா" என்றார். 'இல்லைக்கா, என் கையில கொடுத்துட்டுத்தான் போனா', இந்த ஒரு வரி. அதை அவர் வாயால் ஒரு தடவை கேட்டாப் போதும். வேற எதுவும் வேண்டாம்.

சாயங்காலம் நேராவே கேட்டேன்.

"அன்னிக்கு யார் தொலைச்சது?"

"பட்டையைக் கழட்டினதுதான் பிரச்சினை. கழட்ட முடியாத மாதிரி இருந்திருக்கணும். டிசைன் சரியில்லை."

டிசைன்.


ஜூன் 12, வியாழன்

நல்லவேளை, பிளவுஸ் தைத்தாச்சு. சர்டிபிகேட் நகல் மூணு செட். போட்டோ எடுக்கணும்.

செ. ஆர்டர் பண்ணினது வந்தது. குழந்தைகள் வாட்ச், சிம் போட்டது, ரோஸ் கலர், பூட்டு வெச்ச பக்கிள், குழந்தையால் திறக்க முடியாது. கடையைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு வெச்சிருக்கார் போனில். வட்டத்தைத் தாண்டினால் கத்தும்.

"சனிக்கிழமை கடையில என்கூட இருக்கட்டும். இனிமே உனக்கு என்ன பயம்?"

எனக்கு நீங்கதான் பயம். இதுவும் நோட்டில் மட்டும்.

அம்மாகிட்டப் போனில் சொன்னேன். இன்டர்வியூக்குப் போகாதேன்னு அம்மா சொல்லிடுவாங்களோன்னு பயந்தேன். "போடி, போயிட்டு வா. திரும்ப இன்னொரு நாலு வருஷம் உட்கார்ந்துக்கப் போறியா" என்றாங்க. பின்னாடி அப்பா இருமறது கேட்டது.


ஜூன் 14, சனி. சத்திரம் பஸ் ஸ்டாண்ட் பக்கத்து ஹோட்டல், மதியம்

ஃபைலோட இந்த நோட்டும் வந்துடுச்சு. அதனால் இங்கேயே எழுதறேன்.

ஒன்பதரைக்கு பாப்பாவை காந்தி ரோடு கடையில் விட்டேன். கையில் ரோஸ் வாட்ச். தண்ணி பாட்டில், பிஸ்கட், கலர் பென்சில். பஸ் ஸ்டாப் வரைக்கும் வந்தாச்சு. மெரூன் ஃபைல் மாறிடுச்சோன்னு திறந்து பார்த்தா ஒரிஜினல் டிகிரி இல்லை, பாப்பா பையில் போயிருக்கு. திரும்ப ஓடினேன்.

கல்லாவில் செ. போனில், யாரோ மேஸ்திரிக்குப் ப்ரைமர் கணக்கு சொல்லிக்கிட்டு, முதுகு ரோட்டுப் பக்கம். மேஜையில் இன்னொரு போன், அதில் வட்டம், வட்டத்துக்குள் புள்ளி. பாப்பா கடைக்குள் இல்லை. வாசப்படிக்குக் கீழே, ரோட்டோரமா, காலி பெயிண்ட் டப்பாவில் கல் போட்டுக்கிட்டு இருந்தா. ரெண்டு அடியில் மினி லாரி ரிவர்ஸில் வருது.

அவளைத் தூக்கிக்கிட்டேன், பையையும். உள்ளே போய்ச் சத்தமாவே சொன்னேன். "என்னங்க, பாப்பாவை நான் கூட்டிட்டுப் போறேன்."

திரும்பாமல் கையைத் தூக்கி, "ம்" என்றார். மேஸ்திரிக்கா எனக்கா தெரியாது.

இந்த வாட்ச்சோட வெளியே போனா கத்தும். பக்கிளைத் திறந்து, வாட்ச்சைக் கலர் கார்டு அடுக்கின ஸ்டாண்டில் மாட்டினேன். பாப்பா கேட்டா, "அம்மா, கதவு திறக்குமா?" கடையில் கதவே இல்லடான்னேன்.

ஒன்றாம் நம்பர் பஸ். பாலத்தில் பாப்பா மணலைப் பார்த்து, தண்ணி எங்கன்னு கேட்டா.

இன்டர்வியூவில் மூணு பேர். பாப்பா பக்கத்து நாற்காலியில் சமத்தா படம் போட்டா. பதில் நல்லாத்தான் சொன்னேன், ஒண்ணு மட்டும் தடுமாறினேன். கடைசியில் ஓரத்தில் இருந்த மேடம் கண்ணாடியைக் கழட்டிட்டு, "வேலைன்னா தினம் வரணுமேம்மா. குழந்தையைப் பாத்துக்க வீட்ல யாரும் இல்லையா?"

"இருக்காங்க மேடம்."

போனை மடியில் வெச்சிருந்தேன் முழு நேரமும். செ. கிட்டேயிருந்து அழைப்பு வந்தா எடுத்துடணும்னு. என்ன சொல்லணும்னுகூட ரெடி. பயந்துட்டீங்களான்னு கேட்கணும். அவர் குரல் நடுங்கினா உடனே மன்னிச்சுடறதுன்னு பஸ்ஸிலேயே முடிவு பண்ணியிருந்தேன். பத்து மணி. பதினொண்ணு. பன்னிரண்டு. பன்னிரண்டரைக்கு போன் அதிர்ந்தது, எடுத்தா பேங்க் மெசேஜ்.

இது தப்பு, தெரியும். வாட்ச்சைக் கையோட கொண்டு வந்திருக்கலாம். பஸ்ஸிலிருந்து ஒரு போன் போட்டிருக்கலாம். போடலை.

இப்போ ஹோட்டல். பாப்பாவுக்குத் தயிர் சாதம், அப்பளம். பாதி அப்பளம் தரையில்.

1.15-க்கு வாட்ஸ்அப். ஒரு போட்டோ, அவரோட போன் திரை, வட்டத்துக்கு நடுவில் புள்ளி. கீழே:

"பாப்பா சமத்தா இருக்கா. ஒரு அழுகை இல்லை. சொன்னேன்ல? இன்டர்வியூ எப்படி?"

பதில் போடலை. 1.40. பாப்பா இன்னொரு அப்பளம் கேட்கறா.