காகிதத்தில் மூத்தவன்

14 செப்டம்பர் 2024

செர்மெத் மதியம் வந்தான். வறுத்த கத்தரிக்காயும் தயிரும் சாப்பிட்டான். பிறகு மடிக்கணினியைத் திறந்து என் முன்னால் வைத்தான். "நீங்க பூகோள வாத்தியார். எந்த நாடுன்னு நீங்களே பாத்துச் சொல்லுங்கப்பா."

இளைஞர்கள் ஒரு வருடம் போய் ஊர் சுற்றிக்கொண்டே வேலையும் பார்க்கலாம் என்று ஒரு விசா. ஜெர்மானியப் பையனுக்குப் பாதி உலகம் திறந்து கிடக்கிறது. எங்கள் பிள்ளைகளுக்கு, நான் தேடிய வரை, இரண்டே இரண்டு: ஆஸ்திரேலியா, நியூசிலாந்து. முப்பது வருடம் உலகத்தைச் சுவரில் மாட்டிக் காட்டியவன் நான். இஸ்மிரிலிருந்து பக்கத்து நாட்டுச் சோபியாவரைகூடப் போனதில்லை. யார் அனுப்பினார்கள்?

ஆஸ்திரேலியா: பட்டப்படிப்பு கேட்கிறார்கள், ஆங்கிலத் தேர்வு கேட்கிறார்கள். அங்கே பண்ணையில் உழைத்தால் இரண்டாவது வருடமும் இருக்கலாம். நியூசிலாந்து: எங்களுக்கு வருடத்துக்கு நூறே இடம், திறந்ததும் தீர்ந்துவிடுமாம். பூமிப்பந்தில் அதற்கு மேல் தூரம் போக முடியாது. அதற்கப்புறம் எங்கே நடந்தாலும் திரும்பி வருவதுதான்.

இரண்டிலும் ஒரே நிபந்தனை. வயது முப்பதைத் தாண்டக் கூடாது.

அந்த வரியில் நிறுத்தினேன். அவனுக்கு இருபத்தெட்டு வயது. அடையாள அட்டையில் முப்பத்தொன்று.

15 செப்டம்பர்

ஹல்தூன். எந்தப் பக்கம் திரும்பினாலும் ஹல்தூன்.

எங்கள் முதல் பிள்ளை 1993இல் பிறந்தான். பெயர் செர்மெத். இரண்டு வயது நிறையுமுன் நிமோனியாவில் போனான். நான் அப்போது ராணுவ சேவையில், எல்லையில். அடக்கத்துக்கு அனுப்ப அந்தக் கேப்டனுக்கு மனம் வரவில்லை. ஒரு மாதம் கழித்துப் பத்து நாள் விடுப்பு கொடுத்தான். அந்த வருடக் கடைசியில் இவன் பிறந்தான். அப்போதும் நான் அங்கேதான். பெதியா சிவாஸில் என் பெற்றோர் வீட்டில் இருந்தாள். இறப்பையும் பதியவில்லை, பிறப்பையும் பதியவில்லை என் அண்ணன் ஹல்தூன். செத்த பிள்ளையின் பெயரும் அட்டையும் அப்படியே இவனுக்கு வந்துவிட்டன. பனியில் பதிவு அலுவலகம்வரை நடக்க ஐயாவுக்குச் சோம்பல்.

ஐந்து வயது நிறையாதவனைப் பள்ளியில் உட்கார வைத்தோம், காகிதத்தில் ஏழு வயதாகிவிட்டதால். வகுப்பிலேயே குட்டி. அடி வாங்கிக்கொண்டு வருவான். ஒவ்வொரு அடிக்கும் நான் ஹல்தூனைத் திட்டினேன். அப்பாவின் அடக்கத்தன்று எல்லோர் முன்னாலும் அதையே அவன் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு வந்தேன். பதினோரு வருடமாயிற்று. அதன் பிறகு அவனோடு பேச்சில்லை. பெருநாளுக்குப் பெருநாள் கூப்பிடுகிறான். எடுப்பதில்லை.

8 அக்டோபர்

வக்கீலைப் பார்த்தோம். நிஹால் என்ற சின்ன வயதுப் பெண், கெட்டிக்காரி.

"இந்த வயசுல எலும்பைப் படம் பிடிச்சுப் பாத்தாலும் ரெண்டு மூணு வருஷ வித்தியாசம் தெரியாது சார். சாட்சிதான் ஒரே வழி. முதல் பையன் இறந்துட்டான்னு நீங்களும் உங்க மனைவியும் கோர்ட்ல சொல்லணும். அந்த இறப்பைப் பதியணும். அப்புறம்தான் இவருக்கு இவரோட பிறந்த நாள். அந்தச் சமயத்துல ஊர்ல கூட இருந்தவங்க யாராவது உயிரோட இருக்காங்களா?"

நான் ஜன்னல் பக்கம் திரும்பினேன். "பெரியப்பா இருக்கார்," என்றான் செர்மெத்.

9 அக்டோபர்

பெதியாவிடம் சொன்னேன். அவள் பீன்ஸ் நார் உரித்துக்கொண்டிருந்தாள். கத்தியைக் கீழே வைத்தாள்.

"என் பிள்ளைய கோர்ட்டுக்குக் கூட்டிட்டுப் போய்ச் சாகடிக்கச் சொல்றீங்களா?"

"பெதியா, அவன் போய் இருபத்தொம்பது வருஷமாச்சு."

"உங்களுக்கு."

27 அக்டோபர்

வீட்டில் பேச்சில்லை. வானொலி மட்டும்.

3 டிசம்பர்

செர்மெத் வந்தான். வாடிக்கையாளர் அழைப்புகளுக்குப் பதில் சொல்லும் வேலை. நாள் முழுக்க யார் யாரிடமோ ஏச்சு வாங்குகிறான். உணவுத் தொழில்நுட்பம் படித்தவன். தொண்டை கட்டியிருந்தது. அவன் அம்மா எலுமிச்சை போட்டு லிண்டன் பூ டீ கொடுத்தாள். அவன் அதைக் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டே சொன்னான்:

"அம்மா, நான் பொறந்ததுலேர்ந்து அண்ணன் சட்டையத்தான் போட்டுட்டிருக்கேன். கழட்டிடறேனே."

அவள் எழுந்து உள்ளே போனாள். வெகுநேரம் கழித்துச் சமையலறையிலிருந்து குரல் மட்டும் வந்தது. "என்னைக்கு வரணும்னு அந்த வக்கீல் பொண்ணைக் கேளு."

5 டிசம்பர்

அவனாகவே பெரியப்பாவைக் கூப்பிட்டுப் பேசிவிட்டானாம். "வரேன்னுட்டார்ப்பா. ஒரு கேள்வி கேக்கல."

கேட்க என்ன இருக்கிறது? செய்தவனுக்குத் தெரியாதா?

30 மார்ச் 2025

நோன்புப் பெருநாள். ஹல்தூன் வழக்கம்போல் கூப்பிட்டான். வழக்கம்போல் எடுக்கவில்லை.

15 ஏப்ரல்

இன்று வழக்கு விசாரணை. வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

ஹல்தூன் சிவாஸிலிருந்து இரவு முழுக்கப் பஸ்ஸில் வந்திருந்தான். கிழவனாகிவிட்டான். கையில் ஒரு டின் பாலாடைக்கட்டி. நீதிமன்றத்துக்குப் பாலாடைக்கட்டி கொண்டுவருகிறவனை என்ன சொல்வது! "எப்படிடா இருக்கே?" என்றான். நான் வக்கீலிடம் மணி கேட்டேன்.

உள்ளே நீதிபதி அவனைக் கேட்டார்: "குழந்தை இறந்ததை ஏன் பதியல?"

தொப்பியைக் கையில் திருகிக்கொண்டே சொன்னான். "சோம்பல்தான் ஐயா. பனி. நாளைக்கு நாளைக்குன்னு விட்டுட்டேன். அடுத்தவன் பொறந்ததும், அட்டைதான் இருக்கேன்னு..."

இத்தனை வருடம் நான் சொன்ன அதே வார்த்தைகள். கேட்கச் சுகமாகத்தான் இருந்தது.

பெதியா எழுந்துவிட்டாள். உட்காரச் சொன்னார்கள். உட்காரவில்லை.

"பொய் சொல்றார் ஐயா. அவர் பதியத்தான் கிளம்பினார். பூட்ஸ் போட்டுட்டு வாசல்ல நின்னார். அட்டையப் புடுங்கிக்கிட்டது நான். இவன் பொறந்தப்பவும் நான்தான் சொன்னேன், புதுசு வேண்டாம், அதுவே இருக்கட்டும்னு. என் பிள்ளை ஒரு இடத்துலயாவது உயிரோட இருக்கட்டும்னு. யாருக்கும் சொல்லாதீங்கன்னு கையப் புடிச்சுக் கேட்டேன். சொல்லல."

எழுத்தர் தட்டச்சை நிறுத்திவிட்டார். ஹல்தூன் தரையைப் பார்த்தபடி, "எதுக்கும்மா இப்போ," என்றான்.

வெளியே படிக்கட்டில் பெதியா அவனை வீட்டுக்கு அழைத்தாள். அவன் என் முகத்தைப் பார்த்தான். நான் என்ன முகம் வைத்திருந்தேன்? தெரியவில்லை. "இருக்கட்டும்மா, சாயங்கால பஸ் இருக்கு," என்றான். டின்னைச் செர்மெத்திடம் கொடுத்தான். பிறகு என்னிடம்:

"பதினோரு வருஷமா பெருநாளைக்கு நானே கூப்பிட்டேன் ரிஃப்கி. இனிமே கூப்பிட மாட்டேன். உனக்குத் தோணினா நீ கூப்பிடு."

கோபமில்லாமல் சொன்னான். கோபமாகச் சொல்லியிருந்தால் நான் பதில் சொல்லியிருப்பேன்.

16 ஏப்ரல்

"ஏன் சொல்லல? அப்பா அடக்கத்துல அத்தனை பேர் முன்னால அவனை நான் —"

"உங்களுக்கு யார்மேலயாவது கோவப்படணும். அவர்மேல இருந்தா என்மேல வராது. அதான் விட்டுட்டேன்."

அவ்வளவுதான் சொன்னாள். துணி உலர்த்தப் போய்விட்டாள். கத்தியிருக்கலாம் நான். யாரைப் பார்த்துக் கத்த?

டின்னை யாரும் திறக்கவில்லை.

24 ஜூன்

தீர்ப்பு வந்தது. அவன் பிறந்தது 21 நவம்பர் 1995 என்று ஒப்புக்கொண்டார்கள்.

குடும்பப் பதிவேட்டின் நகல் வாங்கினோம். ஒரே பெயர் இரண்டு தடவை. செர்மெத்: இறப்பு. செர்மெத்: உயிருடன்.

பெதியா நகலைப் படித்தாள். துணியோ நகையோ பார்ப்பதுபோல வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். பிறகு பெரிய வாணலியை எடுத்து வெண்ணெய் போட்டு ரவையை வறுக்க ஆரம்பித்தாள். பைன் பருப்பு சிவக்கும்வரை நின்று கிளறினாள். நான் கரண்டியைக் கேட்டேன், தரவில்லை. அல்வாவைக் கிண்ணம் கிண்ணமாக எடுத்துக்கொண்டு மாடி மாடியாகப் போனாள். சாவு வீட்டில் செய்வது இது; எல்லோருக்கும் தெரியும்.

மூன்றாம் மாடிக்காரி கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "யாருக்கு பெதியாக்கா?"

"என் பெரிய பையனுக்கு."

"செர்மெத்துக்கா? ஐயையோ, இப்பத்தானே படியில பாத்தேன்!"

"அவன் இல்ல. அவன் அண்ணன்."

படிக்கட்டின் கீழே நின்று கேட்டேன். என் பிள்ளைக்கு முதல் தடவையாகத் துக்கம் கேட்டார்கள். எனக்கும் ஒரு கிண்ணம் வைத்திருந்தாள். இனிப்பு அதிகம்.

7 அக்டோபர்

நியூசிலாந்து இடங்கள் திறந்த காலை. செர்மெத்தும் அவன் நண்பர்கள் இருவரும் மூன்று கணினிகளோடு எங்கள் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்தார்கள். இணையப் பக்கம் நின்று நின்று திறந்தது. பிறந்த தேதி கேட்கும் இடத்தில் செர்மெத்தின் விரல்கள் பழக்கத்தில் பழைய தேதியை அடித்துவிட்டன. "டேய், அது உங்கண்ணன்!" என்று ஒருவன் கத்தினான். அழித்துவிட்டு மறுபடி அடித்தான்.

செர்மெத்துக்குக் கிடைத்தது. மற்ற இருவருக்கும் இல்லை. ஒருவனுக்கு அடுத்த மாதம் முப்பத்தொன்று நிறைகிறது. அவன் ஷூவை மாட்டிக்கொண்டு யாரிடமும் சொல்லாமல் போய்விட்டான்.

11 ஜனவரி 2026

போய்விட்டான். டாக்ஸி திரும்பும்வரை பெதியா வாசலில் நின்று, அதன் பின்னால் ஒரு செம்பு தண்ணீர் ஊற்றினாள். நீர் போலப் போய் நீர் போல வரட்டும் என்று. தார் ரோட்டில் அது கொஞ்ச நேரம் தேங்கி நின்றது.

ஒருத்தனைப் புதைத்தோம், ஒருத்தனை அனுப்பினோம். இரண்டும் ஒரே வழக்கில்.

20 மார்ச்

நோன்புப் பெருநாள், முதல் நாள். செர்மெத் கூப்பிட்டான். அங்கே அப்போதே இருட்டு. கிவிப் பழத் தோட்டத்தில் வேலை, தோள் வீங்கியிருக்கிறதாம். ஒரே அறையில் ஆறு பேர்.

"படிச்சது பழத்தைப் பத்தி, இப்ப பறிக்கிறதும் பழம்தான்ப்பா, வீணாப் போகல," என்று சிரித்தான். இந்த வருடம் முடிந்ததும் ஆஸ்திரேலியா கிடைக்குமா, வயது இடம் கொடுக்குமா என்று பார்த்துச் சொல்லச் சொன்னான்.

"வர்றதா உத்தேசமே இல்லையாடா?"

பேச்சை மாற்றினான்: "பெரியப்பாவைக் கூப்பிட்டேன். உங்களைப் பத்திக் கேட்டார்."

"என்ன கேட்டார்?"

"நம்பரை மாத்திட்டானான்னு."

21 மார்ச்

இரண்டாம் நாள். காலையிலிருந்து போன் ஒலிக்கும் ஒவ்வொரு முறையும் நிமிர்கிறேன். முன்னாள் மாணவர்கள். மருந்துக் கடைக்காரர்.

"கூப்பிடுங்களேன்," என்றாள் பெதியா. "பேச வேண்டாம். வாழ்த்துன்னு மட்டும் சொல்லுங்க."

நாளைக்கு என்றேன்.

22 மார்ச்

மூன்றாம் நாள், பெருநாளின் கடைசி நாள். ஆஸ்திரேலியா நிபந்தனைகளை மறுபடி முதலிலிருந்து படித்தேன். செர்மெத்துக்கு நவம்பர்வரை நேரமிருக்கிறது. அதற்கு முன்னால் விண்ணப்பித்தால் போதும். தெளிவாக எழுதி அனுப்பினேன்.

போனைப் பெதியா காலையிலேயே சார்ஜ் போட்டு என் நாற்காலிக்குப் பக்கத்தில் வைத்திருந்தாள். விருந்தாளிகளுக்கு வைத்திருந்த மிட்டாய்த் தட்டையும் அருகிலேயே வைத்தாள். மாலையில் வந்து தட்டை எடுத்தாள். போனையும் எடுத்துக்கொண்டு போனாள்.