கெட்டுப்போன கண்ணாடிக் குப்பி

முத்தியால்பேட்டை,
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் கார்குழலிக்கு அப்பா எழுதுவது. நீ அங்கே உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்க வேண்டும். இங்கே எனக்கும் அம்மாவுக்கும் உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது, மனசுதான் சரியில்லை. வியாழக்கிழமை, ஆராய்ச்சிக்கூடத்துக் கண்ணாடிக் குப்பி கெட்டுப்போய்விட்டது என்று நீ போனில் அழுதபோது நான் போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டேன். அதனால்தான் இதை எழுதிப் படம் பிடித்து அனுப்புகிறேன்.

மறுநாள் பெரிய மார்க்கெட்டில் உனக்கு இயற்பியல் நடத்திய அன்பழகன் சாரைப் பார்த்தேன். மீன் பையோடு நின்றபடியே விளக்கினார். ஒளியில் இருக்கும் நுட்பமான சேதியைக் குப்பிக்குள் இருக்கும் அணு ஆவியில் கொஞ்ச நேரம் பிடித்துவைத்துத் திரும்ப ஒளியாகவே எடுக்கிறீர்களாம், அதுவும் கடுங்குளிர் இல்லாமல் சாதாரண அறையிலேயே. அணு கண்ணாடியில் மோதினால் சேதி அழிந்துவிடுமாம், அதற்காக உள்ளே மெழுகு மாதிரி பூச்சு உண்டாம், சூடு மீறினால் பூச்சு கெட்டுவிடுமாம். சரிபண்ண முடியாதா என்று கேட்டேன். "புதுசாதான் செய்யணும், மாசக்கணக்காவும்" என்றார். மில்லில் இருபது வருஷம் தறி ரிப்பேர் பார்த்தவன் நான், உன் குப்பிக்கு ஒரு துரும்பைக்கூட எடுத்துப் போட முடியவில்லை.

ஹீட்டரைக் கூட்டி வைத்துவிட்டுப் போனது நீதான், ஆனால் உங்கள் பேராசிரியர் உன்னோடு வேலை பார்க்கும் போலந்துப் பெண்ணைச் சந்தேகப்படுகிறார், நீ பேசாமல் இருந்துவிட்டாய் என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறாய். "வாயத் தொறக்காதன்னு எழுதுங்க, விசா போயிடும்" என்கிறாள் அம்மா. எனக்கும் அந்தப் பயம்தான். ஆனால் அம்மாவுக்கே தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். நீ கைக்குழந்தையாக இருந்தபோது என் கவனக்குறைவால் மில்லில் ஒரு தறியின் தண்டு முறிந்தது. பழி என்னோடு வேலை பார்த்த இராமதாஸ் மேல் விழுந்தது, அவனை வேலையை விட்டே நிறுத்தினார்கள். நான் பேசவில்லை. இப்போதும் தெருவில் பார்த்தால், "அண்ணே, பொண்ணு எப்படி இருக்குது" என்று கேட்கிறான். சொல்லிவிடு என்று உனக்கு எழுத எனக்கு என்ன யோக்கியதை, சொல்லாதே என்று எழுதவும் கை வரவில்லை.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே உன் சேதி வந்தது. "மெயில் போட்டு சொல்லிட்டேன்பா. நாளைக்குக் கூப்பிட்டிருக்காங்க." மூன்று தடவை போன் போட்டேன், நீ எடுக்கவில்லை. அம்மா அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறாள்.

கண்ணு, எது நடந்தாலும் நீ நல்லா இருப்பாய், எங்கள் ஆசீர்வாதம் எப்போதும் உண்டு. நாளைக்குப் போகும்போது மறக்காமல் கம்பளிச் சட்டை போட்டுக்கொள். நீ அவர்கள் முன்னால் உட்காரும் நேரத்தில் நான் இராமதாஸ் வீட்டு வாசலில் நிற்பேன். கதவைத் தட்டுவேனா என்றுதான் தெரியவில்லை.

உன் அப்பா,
கலியமூர்த்தி