பாதுகாப்பான முகவரி

4 ஆகஸ்ட் 2025, திங்கள்

திங்கட்கிழமை என்றாலே மனு. நான் தாலுகா ஆபீசுக்குப் போய்ச் சேரும்போதே பாதி ஊர் வாசலில் நின்றது. பட்டா மாறுதல், முதியோர் உதவித்தொகை, வரப்பை வெட்டிய பக்கத்துக் காட்டுக்காரன். ஒரு மொட்டை மனுவும் இருந்தது. பெயர் இல்லை, கையெழுத்து இல்லை, ஒரு பக்கம் முழுக்க யாரோ ஒருவர் மேல் வசவு. வழக்கம்போல ஒதுக்கிப் போட்டேன். சொல்வதைப் பெயர் போட்டுச் சொல்லத் தைரியம் இல்லாதவர்களுக்கு நான் என்ன செய்ய முடியும்?

சாயங்காலம் மகள் தீபிகா அமெரிக்காவிலிருந்து பேசினாள். மார்ச்சில் மணிக்கட்டில் கட்டோடு அவள் கணவன் சிவபிரகாஷின் வீட்டை விட்டு வெளியேறியதிலிருந்து, போனை எடுத்ததும் அவள் என்ன பேசுகிறாள் என்று நான் கவனிப்பதில்லை. மூச்சு ஒழுங்காக வருகிறதா என்றுதான் கவனிக்கிறேன். இப்போது சோபியாவோடு இருக்கிறாள். சோபியா காலேஜில் கூடப் படித்த சேலத்துப் பெண். அமெரிக்கா போயும் ஒரே ஊரில் வந்து சேர்ந்தது எங்கள் நல்ல நேரம்.

தீபிகாவின் வேலை அனுமதி மாப்பிள்ளையின் விசாவோடு கட்டப்பட்டது. அதைப் புதுப்பிக்க அவன் காகிதம் வேண்டும். தர மாட்டேன் என்றுவிட்டான். ஆனால் அடி வாங்கிய மனைவிகள் கணவனைக் கேட்காமல் தாங்களே விண்ணப்பிக்க அங்கே தனியாக ஒரு படிவம் இருக்கிறதாம். அதைத்தான் அனுப்பியிருக்கிறாள். அனுமதி அட்டை வந்தால் ஒரு ஆஸ்பத்திரி லேபில் வேலை தயாராக இருக்கிறது. வராவிட்டால் மறுபடியும் அவன் வீடு, இல்லையென்றால் கையை வீசிக்கொண்டு இங்கே ராசிபுரத்துக்கு எங்களிடம்.

அந்தப் படிவத்தில் 'பாதுகாப்பான முகவரி' என்று ஒரு கட்டம் உண்டாம். கணவனுக்குத் தெரியாத ஒரு முகவரியைத் தர வேண்டும். அட்டை அங்கேதான் தபாலில் வரும். சோபியா வீட்டு முகவரியைத்தான் கொடுத்திருக்கிறாள்.

"நீங்களும் எழுதி வெச்சுக்கோங்கம்மா. ஒரு அவசரம்னா வேணுமில்ல. ஆனா யார்கிட்டயும் சொல்லிப்போடாதீங்க."

யார்கிட்ட சொல்லப் போகிறேன்?

11 ஆகஸ்ட்

தீபிகா பேசவில்லை. நானும் தொந்தரவு செய்யவில்லை.

17 ஆகஸ்ட், ஞாயிறு

ஆவணி பிறந்ததும் பிறக்காததுமாக சம்பந்தியம்மா மயிலம்மாள் வந்துவிட்டார். சேலம் ஃபேர்லேண்ட்ஸில் மாடி எடுத்துக் கட்டியிருக்கிறார்கள், கிரகப்பிரவேசப் பத்திரிகை வைக்க வந்தார். தட்டில் வெற்றிலை, பாக்கு, வாழைப்பழம், பூ. எல்லாம் முறைப்படி. இவர் (சண்முகவேல் என்று வீட்டுக்காரர் பெயரை எழுதினால் யாரோ போல இருக்கிறது, இவர் இவராகவே இருக்கட்டும்) வாங்க என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, ஞாயிற்றுக்கிழமையும் அதுவுமாக லாரி புக்கிங் ஆபீசுக்குக் கிளம்பிவிட்டார். எனக்கு அப்படிப் போக இடமில்லை. காபி போட்டேன்.

மயிலம்மாள் காபியைத் தொடவில்லை. அழுதார்.

"எம் பையன் பண்ணுனது தப்புத்தானுங்க சம்பந்தி. நானென்ன இல்லைங்கறனா? ஆனா மருமகளுக்கு ஒரு சேலை எடுத்து அனுப்பாம நான் எப்படிங்க அந்த ஊட்டுல பால் காய்ச்சறது? அவ உடுத்தாட்டியும் போச்சாது, கைக்குப் போய்ச் சேந்தாப் போதும்."

பையிலிருந்து சேலையை எடுத்துக் காட்டினார். மயில்கழுத்து நிறம். தீபிகாவுக்குப் பிடித்த நிறம் என்பது அவருக்கு நினைவிருந்தது. எனக்கு மனசு இளகிவிட்டது. தட்டோடு வந்த மனுஷியை, கண்ணீரோடு இருக்கிறவரை, இல்லை என்று எப்படி அனுப்புவது? கொரியர் சீட்டு ஒன்றையும் கொண்டுவந்திருந்தார். "எனக்கு இங்கிலீசு எங்கீங்க தெரியும்? அட்ரஸ நீங்களே எழுதிக் குடுத்துருங்க" என்றார்.

எழுதிக் கொடுத்தேன்.

மறைக்க வேண்டியது அவனிடம். சம்பந்தியம்மா பெண்பிள்ளை, அதுவும் மாமியார். சேலை போய்ச் சேர்ந்தால் தீபிகாவுக்கும் இந்தப் பக்கம் ஒரு ஆள் இருக்கிறார் என்று ஆறுதலாக இருக்கும். ஒருவேளை எல்லாம் சரியாகிவிடும் என்று நானும் நினைக்கிறேனோ என்னவோ. பெற்றவள் நினைக்காமல் இருப்பாளா?

தீபிகாவிடம் இப்போது சொல்ல வேண்டாம். சேலையைப் பார்த்ததும் அவளே கூப்பிடட்டும்.

2 செப்டம்பர்

அனுமதி கிடைத்துவிட்டது! அட்டையைத் தபாலில் அனுப்பிவிட்டார்களாம். தீபிகா சிரித்தாள். நிஜமான சிரிப்பு. எப்போது கடைசியாகக் கேட்டேன் என்று எனக்கு நினைவில்லை. இவர் காதிலும் போனை வைத்தேன். திருப்பிக் கொடுத்துவிட்டு, குழாயைத் திறந்து முகம் கழுவிக்கொண்டே நின்றார்.

சேலை வந்ததா என்று கேட்க நா வரை வந்தது. கேட்கவில்லை.

6 செப்டம்பர்

சோபியா கூப்பிட்டாள். சிவபிரகாஷ் அவர்கள் வீட்டு வாசலில் நிற்கிறானாம்.

7 செப்டம்பர்

நடந்ததை அப்படியே எழுதி வைக்கிறேன்.

அவன் கதவைத் தட்டியிருக்கிறான். திறக்கவில்லை. தீபிகா குளியலறையில் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். சோபியாதான் போலீசைக் கூப்பிட்டிருக்கிறாள். அவர்கள் வருவதற்குள், ஜன்னல் வழியாகப் போனைத் தூக்கிக் காட்டினானாம். "உங்கம்மாவே எழுதிக் குடுத்த அட்ரஸ்தான், பாரு" என்றானாம். பிறகு போலீஸ் வந்து அவனை அனுப்பிவிட்டார்களாம்.

"ஒரு கொரியர் சீட்டோட ஃபோட்டோ, ஆன்ட்டி. நான் அதப் படம் எடுத்து அப்புறமாக் காட்டினேன், உங்க கையெழுத்துன்னு தீபிகா சொன்னா." சோபியா திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

அட கடவுளே, என்ன காரியம் பண்ணிப்போட்டேன். யார்கிட்டயும் சொல்லாதீங்கன்னுதானே சொன்னா? யார்கிட்டயும்னா யார்கிட்டயும்தானே? ஆபீசில் பக்கத்து வீட்டுக்காரன் வந்து ஒருத்தர் பட்டா நகலைக் கேட்டால் ஆயிரம் கேள்வி கேட்கிறவள் நான் — சொந்த மகள் ஒளிஞ்சிருக்கற இடத்தைத் தட்டுல வெச்சு நீட்டியிருக்கேன். வெத்தலைப் பாக்கு வந்தா எம் புத்தி அவ்வளவுதானா?

மயிலம்மாளுக்குப் போன் செய்தேன். கத்தினேன். பிறகு அவர் பேசினார்.

"பெத்த மகன் கேட்டா நா எப்படிங்க சொல்லாம இருக்கறது? பேசிச் சமாதானம் பண்ணிக்கறேன்னுதானுங்க சொன்னான்."

போனை வைத்துவிட்டேன். என் மகள் இருக்கும் இடத்தை மயிலம்மாளிடம் நான் எப்படிச் சொன்னேனோ அப்படித்தான் அவர் அவனிடம் சொல்லியிருக்கிறார். சேலை பீரோவிலேயே இருக்கிறதாம்.

8 செப்டம்பர்

தீபிகா என்னோடு பேசவில்லை. இவரோடு பேசினாள். "நல்லா இருக்கா" என்று மட்டும் சொன்னார்.

15 செப்டம்பர்

தீபிகா சோபியா வீட்டை விட்டு வேறு எங்கோ போய்விட்டாள். எங்கே என்று எனக்குத் தெரியாது.

அட்டை வரவில்லை. தபால்காரர் பெட்டியில் போட்டதாகப் பதிவு இருக்கிறதாம், பெட்டியில் இல்லை. அவன் எடுத்தானா என்று யாராலும் நிரூபிக்க முடியாது. புதிய அட்டைக்கு முதலிலிருந்து விண்ணப்பிக்க வேண்டும், மாதக்கணக்கில் ஆகும். லேபில் எவ்வளவு நாள் காத்திருப்பார்கள்? சொந்தக் காலில் நிற்கப் போனவள் காலைத் தட்டிவிட்டது நான்தான்.

28 செப்டம்பர்

மூன்று வாரமாக ஆபீஸ், வீடு, ஆபீஸ். சாமி கும்பிடக்கூட வெட்கமாக இருக்கிறது.

5 அக்டோபர், ஞாயிறு

சோபியா ஒரு செய்தி அனுப்பினாள். அடிபட்ட மனைவிகளுக்கான அந்தப் படிவத்தைத் திருத்தப் போகிறார்களாம். பொதுமக்கள் கருத்துச் சொல்லலாம் என்று அந்த அரசாங்கம் அறிவித்திருக்கிறது. தீபிகாவின் பெண் வக்கீல், பாதிக்கப்பட்டவர்களை எழுதச் சொல்கிறார். தீபிகா மறுத்துவிட்டாளாம். வருகிற கருத்தையெல்லாம் எல்லோரும் படிக்கும்படி வெளியிடுவார்கள், அவனும் படிப்பான் என்று பயம்.

"யாரு வேணா எழுதலாம் ஆன்ட்டி. அந்த நாட்டுக்காரங்களா இருக்கணும்னு இல்ல."

அறிவிப்பைப் படித்தேன். படிவத்தின் கேள்விகள் புரிகின்றனவா, அவசியமா, நிரப்ப எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்று கேட்கிறார்கள். சில மணி நேரம் ஆகும் என்று அவர்களே ஒரு கணக்குப் போட்டிருக்கிறார்கள். கேள்விக்குப் பதில் எழுத அவ்வளவு போதும். அடித்ததை எழுத எவ்வளவு நேரம் ஆகும்?

12 அக்டோபர்

ஊரார் மனுவையெல்லாம் திருத்திக் கொடுப்பவளுக்குச் சொந்தமாக ஒன்று எழுத வரவில்லை. 'மேன்மை தங்கிய ஐயா' என்று ஆரம்பித்தேன், கிழித்தேன். என் தலைவிதியை ஒரு பக்கம் எழுதினேன், அதையும் கிழித்தேன். இவர் கதவோரம் நின்று பார்த்தார்.

"அமெரிக்காக்காரன் ராசிபுரத்து மனுவப் படிச்சுப்போட்டுத்தான் மறுவேலை பார்ப்பானாக்கும்?"

"படிக்காட்டிப் போறான். நாஞ் சொல்லோணும்."

கொஞ்ச நேரம் கழித்து வந்து மேசை விளக்கைப் போட்டுவிட்டுப் போனார். கல்யாணமான நாளிலிருந்து இவர் மன்னிப்புக் கேட்பதும் கொடுப்பதும் இப்படித்தான்.

19 அக்டோபர்

நாளை தீபாவளி. வீட்டில் எண்ணெய்ச் சட்டி வைக்கவில்லை.

மனுவை முடித்துவிட்டேன். இங்கிலீஷில் எழுதியதை இங்கே தமிழில் வைக்கிறேன்:

"பாதுகாப்பான முகவரியை யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று உங்கள் படிவம் சொல்கிறது என நினைக்கிறேன். எங்கள் ஊரில் 'யாரும்' என்றால் அதில் அம்மா சேர மாட்டாள். மகள் முதலில் சொல்வது அம்மாவிடம்தான். அம்மாவிடம் சம்பந்தியம்மா வந்து கேட்பார். அழுதுகொண்டு, பழத்தட்டோடு, நல்ல காரியத்தைச் சொல்லிக் கேட்பார். அந்த அம்மாவால் இல்லை என்று சொல்ல முடியாது. கெட்டவள் என்பதால் அல்ல. வீடு தேடி வந்தவரிடம் இல்லை என்று சொல்ல அவள் பழகவில்லை.

ஆகவே அந்தக் கட்டத்துக்குக் கீழே தெளிவாக எழுதுங்கள்: இந்த முகவரியை உன் தாயிடமும் சொல்லாதே. முகவரி வெளியே தெரிந்துவிட்டால், அட்டை கிளம்புவதற்கு முன் அதே நாளில் மாற்ற ஒரு வழி வையுங்கள். அட்டையைக் கையெழுத்து வாங்கிக்கொண்டு அவள் கையில் மட்டும் கொடுங்கள். என் மகளுக்கு இது உதவாது. இனி வருகிற பெண்களுக்காகச் சொல்கிறேன்."

பெயர் கேட்கும் கட்டம் வந்தது. போட்டால் அவன் தேடிப் பிடித்துவிடுவான். பெயர் இல்லாமலும் அனுப்பலாம் என்று இருந்தது. எத்தனை மொட்டை மனுவைப் படிக்காமல் ஒதுக்கியிருப்பேன்! பெயர் போட முடியாமல் எழுதியவர்களில் எத்தனை பேர் வீட்டில் ஒரு தீபிகா இருந்தாளோ. கட்டத்தைக் காலியாக விட்டு அனுப்பினேன்.

20 அக்டோபர், தீபாவளி

தீபிகா அப்பாவிடம் பேசினாள். கடைசியில், "அம்மா சாப்பிட்டாங்களா?" என்று கேட்டாளாம். அதை இவரை மூன்று தடவை சொல்லச் சொன்னேன்.

18 நவம்பர்

மனு பெற்றுக்கொண்டதாக ஒரு எண் மட்டும் வந்தது. கருத்துச் சொல்லும் காலம் முடிந்துவிட்டது. அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். என்னுடையது அங்கே இருக்கிறது, பெயரில்லாமல். கீழே யாரோ ஒரு பெண், அவளும் பெயரில்லாமல், எந்த நாட்டுக்காரியோ, எழுதியிருக்கிறாள்: "மேலே எழுதியிருக்கும் தாய் சொல்வது சரி. என் அம்மாவும் இப்படித்தான் என் முகவரியைச் சொல்லிவிட்டாள். நான் அவளோடு பேசி இரண்டு வருடம் ஆகிறது."

ஆபீஸ் கழிவறையில் போய் அழுதுவிட்டு வந்தேன்.

3 ஜனவரி 2026

போன் அடித்தது. புதிய எண்.

"அம்மா, நாந்தான். அந்தக் கருத்தை நீங்கதானே எழுதினீங்க? பழத்தட்டுன்னு படிச்சதுமே தெரிஞ்சுபோச்சு."

"தப்பு பண்ணிப்போட்டேன் சாமி" என்றேன். அவள் பரவாயில்லை என்று சொல்லவில்லை. நல்லவேளை. சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன்.

அட்டை வந்துவிட்டதாம், வக்கீல் ஆபீசுக்கு. போய்க் கையில் வாங்கியிருக்கிறாள். முதல் லேபில் வேறு ஆளை எடுத்துவிட்டார்கள். வேறு ஊரில் வேறொன்று, சம்பளம் குறைவு, இந்த வாரம் சேர்ந்துவிட்டாள். தனியாக ஒரு அறை. ஜன்னலுக்கு வெளியே பனி என்றாள். மணிக்கட்டு குளிரில் வலிக்கிறதாம்.

பேச்சு முடியப்போகும்போது தயங்கினாள்.

"அட்ரஸ் அனுப்பட்டுங்களாம்மா?"

அவள் அதைக் கேட்க எவ்வளவு யோசித்திருப்பாள் என்று எனக்குத் தெரியும்.

"வேண்டாங் கண்ணு" என்றேன்.

1 பிப்ரவரி

ராசிபுரத்தில் ஒரு கல்யாணம். பந்தி முடிந்து கை கழுவும் இடத்தில் மயிலம்மாள் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். இளைத்துப் போயிருந்தார். அவருக்கும் தூக்கமில்லை போல.

"புள்ள எங்கீங்க இருக்கறா சம்பந்தி? ஊர் பேராச்சும் சொல்லுங்க. நா அவங்கிட்டச் சொல்ல மாட்டேன், சத்தியமா."

"எனக்குத் தெரியாதுங்க."

"பெத்தவளுக்குத் தெரியாம இருக்குமுங்களா?"

"தெரியாதுங்க" என்றேன். கையை மெதுவாக விடுவித்துக்கொண்டு, இவர் வண்டியை எடுத்து வரும் வரை மண்டப வாசலில் நின்றேன்.