அளவுப் பக்கத்தைத் தாண்டிக் குதித்த பட்டன்

என் சிட்டுக்கு,

அம்மா எழுதுறேன். இங்க நானும் அப்பாவும் ரெண்டு தையல் மிஷினும் மக்கர் பண்ணாம ஓடிக்கிட்டிருக்கோம், அங்க நீயும் வேளைக்குச் சாப்பிட்டு நல்லா இருக்கணும். போன்ல சொன்னா ம்ம் கொட்டிட்டு வச்சுடுவே, அதான் எழுதுறேன். முதல்ல திட்டிக்கோ. நான் வந்து பாத்துக்குறேன், அதுவரைக்கும் கடை வெப்சைட்ல கை வைக்காதேன்னு சொல்லிட்டுப் போனியே, வச்சுட்டேன்.

திரைச்சீலை வாங்குறவங்க எல்லாம் கார்டு நம்பர் அடிக்கச் சோம்பல்பட்டுக்கிட்டு, போன்லயே பணம் கட்டுற வாலட் இல்லையா வாலட் இல்லையான்னு உயிரை எடுத்தாங்க. பத்தாவது பரீட்சை வரைக்கும்கூட நிக்காம பள்ளிக்கூடத்தை விட்டு ஓடினவ நான், பத்தொம்பது வயசுல உன்னைப் பெத்து இடுப்புல வச்சுக்கிட்டே கடை திறந்தவ, எனக்குக் காத்திருக்கத் தெரியுமா. வாலட் கம்பெனிக்காரன் அனுப்பினதைப் படிச்சு, சோதனைச் சாவின்னு அவன் குடுத்த ரகசிய நம்பரைப் போட்டு நாலு பொய் ஆர்டர் குடுத்துப் பாத்து, அப்புறம் நிஜப் பணம் வாங்குற சாவியை மாத்திட்டேன். துணிப் படத்துக்குக் கீழ, விலையை ஒட்டியே பட்டன். ஒரே தட்டு, பணம் வந்துரும். அங்கதான் சறுக்குச்சு. அடுத்ததா நீ செஞ்சு வச்ச ஜன்னல் அளவு எழுதுற பக்கம் வரணும்ல, பட்டன் அதைத் தாண்டிக் குதிச்சிருச்சு. நம்ம பெரிய வாடிக்கை, மகளிர் விடுதி மேனேஜரம்மா, மாடி முழுக்கத் திரை வேணும்னு தட்டிட்டாங்க. முகவரி வாலட்ல இருந்தே வந்துருச்சு, அளவு வரல. அளவு எங்கடின்னு அப்பா கேட்டார். அதே விடுதி, அதே ஜன்னல், போன வருஷ அளவுல வெட்டுங்க, இப்பப் போய்க் கேட்டா நம்மளைக் கத்துக்குட்டின்னு நினைப்பாங்கன்னு நான்தான் விரட்டினேன். கொண்டு போய் மாட்டினா ஒவ்வொண்ணும் ஜன்னல் அடிக்கு ஒரு சாண் மேல நிக்குது. மாடியில ஜன்னலையே மாத்தியிருக்காங்க.

மேனேஜரம்மா, இது புது மாடலான்னு கேட்டாங்க. ஆமான்னு சொல்ல நுனி நாக்கு வரைக்கும் வந்துருச்சு. உங்கப்பா ஸ்டூல் மேல நின்னு என்னையே பாக்குறார். இல்லைங்க, எங்க தப்பு, அளவே கேக்காம விட்டுட்டேன்னு போட்டு உடைச்சேன். அந்தம்மா ஒரு திரையைக் கீழ இழுத்துப் பாத்தாங்க. அப்புறம், பொண்ணுங்க திங்கக்கிழமை வந்துருவாங்க, அதுக்குள்ள சரி பண்ணுங்க, இல்லன்னா வேற ஆளைப் பாக்குறேன்னாங்க. கீழ அடர்நீலத்துல பட்டை வச்சுத் தச்சு ஞாயித்துக்கிழமை சாயங்காலமே மாட்டிட்டோம். வாடிக்கை தங்கிச்சு. வர்ற வழியில அப்பா சொன்னது ஒண்ணுதான், பட்டன் வச்சியே, அது நுழையக் காஜா எடுத்தியாடின்னு.

இப்பப் பட்டனை அளவுப் பக்கத்துக்கு அந்தாண்ட தள்ளிட்டேன். நீளம், அகலம் ரெண்டு கட்டமும் நிரம்பினாத்தான் அது முழிக்கும். நீயும் ஒரு தடவை பாத்துடு. அப்புறம், ரூம் ஜன்னல்ல தெருவிளக்கு அடிக்குது, தூக்கமே இல்லைன்னு போன மாசம் சொன்னே. அதுக்கப்புறம் என்ன கேட்டாலும் போன்ல ஒரு கட்டைவிரல் படம் வருது. சாப்பிட்டியான்னா கட்டைவிரல், தூங்கினியான்னா கட்டைவிரல். நான் வச்ச பட்டன் மாதிரியே எல்லாத்தையும் தாண்டிக் குதிக்கிறே. அடர்நீலத் துணி மிச்சம் இருக்கு, அப்பா மடிச்சுத் தனியா வச்சிருக்கார், யாருக்கும் குடுக்க விடல.

நோய் நொடி அண்டாம, நல்லாத் தூங்கி எழுந்து, நாலு பேர் மெச்ச இரு. ஜன்னலை டேப் வச்சு அளந்து நீளம் அகலம் ரெண்டும் எழுது. கட்டைவிரல் வந்தா கத்தரியைத் தொட மாட்டாராம் உங்கப்பா.

இப்படிக்கு,
காத்திருக்கப் பழகிக்கிட்டிருக்கிற
உன் அம்மா