வெள்ளையாய் இருந்தது அழுக்கில்லை

ஆவணி 10, திங்கள்.
மேகம். கல்வராயன் மலையைக் காணோம். யாரோ சுருட்டி எடுத்துப் போயிருக்க வேண்டும். இட ஒதுக்கீடு கேட்டு மறியல். கள்ளக்குறிச்சி சாலையில் வெட்டிச் சாய்த்த புளியமரங்கள் குறுக்கே படுத்துத் தூங்குகின்றன. பஸ் சத்தம் இல்லாத எங்கள் கச்சிராயபாளையம், தண்ணீருக்கடியில் இருப்பதுபோல்.

புதனன்று தங்கை மகள் தேன்மொழிக்கு நிச்சயதார்த்தம். தியாகதுருகத்து மாப்பிள்ளை வீட்டார் வயல்பாதையில் மாட்டுவண்டி கட்டி வருகிறார்களாம். முப்பது பேர். வாடகைப் பாத்திரம் வர வழியில்லை. அஞ்சாதே உலகமே! பரணிலிருந்து பாட்டன் செப்புத் தவலையை இறக்கினேன். உள்ளே ஏழு ஊர் குடியிருக்கலாம். அங்கங்கே தேய்ந்துபோன வெள்ளைப் பூச்சு. சீ, அழுக்கு. புளி, செங்கல்பொடி, பொழுது சாயும்வரை தேய்த்தேன். உள்ளே சூரியன் உதித்தது.

தங்கை கனகம்: "இன்னாண்ணே, உள்ளயே குடித்தனம் பூந்துடுவ போல கீதே!"

11, செவ்வாய்.
காலையில் புளிக்குழம்பு. மொச்சை, கத்தரி. முந்தின நாளே வைத்து ஊறவிட்டால்தான் ருசி. எங்கள் வீட்டுச் சட்டம். தவலையிலேயே மூடி வைத்தாயிற்று.

மதியத் தூக்கத்தில் கனவு. தவலை கப்பலாகிக் கோமுகி அணையில் மிதக்கிறது. நான் மாலுமி. கரும்பெல்லாம் கையாட்டுகிறது. கரையில் தேன்மொழி, சின்னப் பிள்ளையாய். கூப்பிடுகிறேன், திரும்பவில்லை. விழித்தும் கொஞ்ச நேரம் கட்டில் அசைந்தது.

12, புதன்.
தூறல். விடிந்ததும் திருட்டு ருசி, மூன்று கரண்டி. காசை நக்கினதுபோல் இருந்தது. சற்று நேரத்தில் வயிறு முறுக்கல். கிணற்றடியில் இரண்டு முறை வாந்தி.

தண்ணீர் சேந்த வந்த பக்கத்து வீட்டு அஞ்சலை, என்ன தின்றேன் என்று கேட்டுப் போய்த் தவலைக்குள் எட்டிப் பார்த்தாள். குழம்பின் விளிம்பில் பச்சை வளையம்.

"நீங்க தேச்சது அழுக்கு இல்லீங்க மாமா, ஈயம்! ஈயம் போன செம்புல புளி வெச்சா களிம்பு எறங்கும். ஒரு வாயும் தின்ன ஆவாது."

ஓடினேன். "கனகம்! ஊரே சாவப்போவுது! ஏழு தலைமுறைக்கும் வாந்தி!"

"ஆமா, போன மாசம் தேள் கடிச்சி மூணு தரம் செத்தவன் நீதான? நவுரு. வண்டிங்க ஏரிக்கரைக்கு வந்துட்ச்சாம்." கரண்டியைத் தவலைக்குள் விட்டாள்.

ஐம்பது வருடமாக நான் விட்ட புளுகெல்லாம் வரிசையாக வந்து வாயை அடைத்தன. உட்கார்ந்தேன். மெதுவாகச் சொன்னேன்:

"ஈயத்த நான்தான் தேச்சி எடுத்துட்டன். மூணு கரண்டி தின்னன். ரெண்டு தரம் வாந்தி."

என் முகத்தையே பார்த்தாள். அலங்காரம் இல்லாத பேச்சை என்னிடம் அவள் கேட்டதே இல்லை. கரண்டி கீழே. குழம்பு குழிக்குள், மேலே மண். அஞ்சலை வீட்டு மண்சட்டிகளில் அவசரப் பருப்புக் குழம்பு.

வந்தார்கள். தட்டு மாற்றினார்கள். சாப்பிட்டார்கள். ஒருவர்கூட வயிற்றைப் பிடிக்கவில்லை. சம்பந்தி மூலையைக் காட்டி, "இன்னாங்க அது, இப்டி மின்னுது?"

தொண்டையில் ஒரு காவியமே தயார். தேன்மொழி சிரிப்பை அடக்கிக்கொண்டு என்னைப் பார்க்கிறாள்.

"ஈயம் போன தவலைங்க. சமைக்க ஆவாது."

எனக்கு மட்டும் கஞ்சி.